மோட்டார் போடாத மழை

“தண்ணி வீட்டுக்குள்ள வராம இருக்க என்னம்மா வழி?”

கேட்டவர் பூவராகன். வயது அறுபது. முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து, போன சித்திரையில் ஓய்வு பெற்றவர். ஒரு பஸ் மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

கேட்கப்பட்டவள் அஞ்சலை. ஏரிக்கரை நகர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சாலையோரமாகச் சின்ன நர்சரி வைத்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும். மழைத் தண்ணீருக்கு அவளிடம் வழி இருக்கிறது என்று பஸ் நிறுத்தத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவளை யாரும் குரு என்று அழைத்ததில்லை. அழைத்தால் கையிலிருக்கிற எருவை அப்படியே வீசுவாள்.

ஏரிக்கரை நகரில் ஏரி கிடையாது. ஏரி இருந்த இடத்தில்தான் நகரே இருக்கிறது. பத்திரப் பதிவு எல்லாம் முறையாக நடந்துவிட்டது; தண்ணீருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அஞ்சலை கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எத்தனை தடவை வந்துச்சு?”

“நாலு வருஷமா, வருஷத்துக்கு ரெண்டு தடவை. போன ஐப்பசியில பீரோவோட அடித்தட்டு வரைக்கும்.”

“மோட்டார் வச்சிருக்கீங்களா?”

“அது இல்லாட்டி முங்கியே போயிருப்போம். தண்ணி ஏறுனா உடனே போட்டுத் தெருவுக்குத் தள்ளிடுவேன். எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான்.”

அஞ்சலை நிரப்பிய பையை ஓரமாக வைத்தாள்.

“இனிமே மோட்டார் போடமாட்டேன்னு சொல்லுங்க. வழி சொல்றேன்.”

பூவராகனுக்குச் சுருக்கென்று வந்தது.

“மோட்டாரும் போடக்கூடாது, தண்ணியும் வரக்கூடாது. நல்லா இருக்கும்மா உன் வழி!”

விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, அதே நேரத்துக்கு வந்து நின்றார்.

*

வரவைத்தது வேதவல்லி. அவர் மனைவி.

“அடுத்த மழைக்கும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா, நான் செஞ்சியில தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். நீங்களும் உங்க மோட்டாரும் குடும்பம் நடத்துங்க.”

கத்திச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்கமாட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, பரணிலிருந்து பச்சைப் பையை இறக்கித் துவைத்துக் காயப்போட்டாள்.

குற்றம் சொல்ல முடியாது. நாலு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து, அதன்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தவள் அவள். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு டெப்போவுக்குப் போய்விடுவார்.

அவளில்லாத வீட்டைப் பூவராகனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை அவளிடம் சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

வீட்டையே ஜாக்கி வைத்து நாலடி தூக்கித் தருகிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் கேட்டதைக் கொடுத்தால் வீடு மேலே இருக்கும், பூவராகன் நடுத்தெருவில் இருப்பார்.

ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை.

“போடமாட்டேன்” என்றார் நர்சரி வாசலில் நின்றுகொண்டு.

“எதை?”

“மோட்டாரை.”

“எவ்வளவு மழை பெஞ்சாலும்?”

டைம் கீப்பர் ஒரு தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

“எவ்வளவு மழை பெஞ்சாலும்.”

அஞ்சலை எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

“வாங்க, வீட்டப் பாக்கலாம்.”

*

வீட்டுக்கு வந்தவள் ஒரு குடம் தண்ணீர் கேட்டாள். குடிப்பதற்கு இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

“சார், நான் ஊத்துறேன். நீங்க கீழ இருந்து இந்தத் தண்ணி கூடவே போங்க. எங்க போகுதோ அங்க போங்க.”

பூவராகன் கீழே தயாராக நின்றார்.

மாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்தது. சிமெண்ட் தரையில் பரவியது. வாசல் கேட்டை நோக்கி ஓடியது. அவரும் கூடவே போனார். கேட்டுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தடுப்பு இருந்தது. தண்ணீர் அதில் முட்டி நின்றது. இரண்டு பக்கமும் பரவியது. பிறகு வந்த வழியே மெல்லத் திரும்பி அவர் காலடிக்கு வந்தது.

அஞ்சலை கீழே இறங்கி வந்தாள்.

“இந்தத் தடுப்பு எதுக்கு, சார்?”

“ரோடு போடும்போதெல்லாம் மேல மேலயே போட்டு ரோட்டை ஒசத்திட்டாங்க. வீடு பள்ளமாயிடுச்சு. தெருத் தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு கட்டுனேன். மூணு தடவை ஒசத்தியிருக்கேன்.”

“தெருத் தண்ணி வந்துச்சா?”

“அதெப்படி வரும்? ஒரு சொட்டு வராது.”

“அப்ப பீரோ வரைக்கும் வந்தது யார் வீட்டுத் தண்ணி?”

பூவராகன் தடுப்பைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வேதவல்லி சிரித்துவிட்டாள். நாலு வருடத்தில் தண்ணீரைப் பற்றி அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

“இடிச்சிடட்டுமா?” என்றார் அவர், முகம் சிவந்து.

“எதுக்கு? அது இருக்கட்டும். உங்க தண்ணி உங்க வீட்டுலயே இருக்கணும்.”

“வீட்டுலயே இருந்தா வீட்டுக்குள்ளதானே வரும்?”

“அதுக்கு உக்கார இடம் குடுக்கல. அதான் உள்ள வருது.”

“இடம் பாத்து வைங்க, ஒரு குழி வெட்டலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

இடம் பார்க்க மூன்று நாள் ஆனது.

முதலில் அவர் காட்டிய மூலையை அஞ்சலை காலால் தட்டினாள். டொங் என்றது. செப்டிக் டேங்க். அடுத்துக் காட்டியது சுவரை ஒட்டிய இடம். “அஸ்திவாரத்துக்குத் தண்ணி காட்டப் போறீங்களா?” என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு சின்னத் தூறல் விழுந்தது. பூவராகன் குடையும் நோட்டுமாக முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தூறல் விட்டபிறகு எந்த இடம் முதலில் காய்கிறது, எது கடைசியில் காய்கிறது என்று மணி போட்டு எழுதினார்.

வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, முருங்கைக்கும் கேட்டுக்கும் நடுவில் ஓர் இடம் இரண்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தது.

நோட்டைப் பார்த்துவிட்டு அஞ்சலை தலையாட்டினாள்.

“இதான். ரெண்டு கட்டில் சேத்துப் போட்ட அளவுக்குச் சிமெண்டை ஒடைங்க.”

“யார வச்சு ஒடைக்கிறது?”

அவள் அவருடைய கையைப் பார்த்தாள்.

அந்தத் தரை அவர் பக்கத்திலேயே நின்று பூசவைத்தது. ஒரு பொட்டு மண் கண்ணில் படக்கூடாது என்று முழு முற்றத்துக்கும் போட்டார். எண்ணெய் கொட்டினால் வழித்து எடுக்கலாம், அப்படி ஒரு வழவழப்பு. கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் முதல் தடவை கடப்பாரையை இறக்கினார்.

கடப்பாரை எகிறியது. சிமெண்டில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

மறுபடி போட்டார்.

தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. “என்ன சார், புதையலா?” என்றார் ஒருவர். “நீச்சல் குளம் கட்டுறாரு, விடுங்க” என்றார் இன்னொருவர். மேல்பக்கத்து வீட்டுத் தாமோதரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முருங்கை இலை விழுந்த தகராறில் இரண்டு வருடமாக அவரோடு பேச்சு இல்லை. சுவருக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆறு நாளில் இரண்டு கட்டில் அளவு தரை பெயர்ந்தது. பூவராகனின் உள்ளங்கையில் நாலு கொப்புளம். உடைத்த சிமெண்டை அள்ளிப்போட வண்டி பேசப் போனவரை அஞ்சலை தடுத்தாள்.

“அது உங்க சரக்கு. ஓரமா வைங்க. வேலை இருக்கு.”

*

“மண்ணைக் குழியா வெட்டி, அதுல ஒரு பக்கெட் தண்ணிய ஊத்துங்க. எவ்வளவு நேரத்துல எறங்குதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

நேரம் பார்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. காலை ஏழு மணிக்கு ஊற்றினார். பன்னிரண்டுக்குப் பார்த்தார். நாலு மணிக்குப் பார்த்தார். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. அதில் ஒரு தவளை வேறு வந்து உட்கார்ந்திருந்தது.

நர்சரிக்குப் போனார்.

“எறங்கல.”

“எவ்வளவு வெட்டியிருக்கீங்க?”

“ஒரு முழம்.”

“வெட்டுங்க.”

வெட்டினார். வீடு கட்டியபோது கொட்டி மூடிய குப்பையெல்லாம் வந்தது. உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, ஒரு செருப்பு. அதற்குக் கீழே களிமண். மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு கீழே விழமாட்டேன் என்றது.

மறுநாள் போனார்.

“எறங்கல.”

“எவ்வளவு?”

“ஒன்றரை முழம்.”

“வெட்டுங்க.”

அதற்கு மறுநாள் அவர் போகவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டது. வேதவல்லி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, “விட்டுருங்க. ஜாக்கிக்காரனையே கூப்பிடுங்க, இல்ல என்னை பஸ் ஏத்தி விடுங்க” என்றாள்.

அவர் ஒத்தடம் முடிந்ததும் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

“உங்களுக்குப் பைத்தியமா?”

“வேதா, அந்தக் கூடைய எடு.”

கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கூடையை எடுத்தாள். அவர் வெட்டினார், அவள் மேலே இழுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று பின்னால் அவள் பலரிடம் சொன்னாள்.

இரண்டரை முழத்தில் மண்வெட்டியின் சத்தம் மாறியது. சரக் என்றது.

மணல்.

ஏரி போகிறபோது விட்டுவிட்டுப் போனது. வெளுத்த, நயமான மணல்.

ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, குழி காய்ந்திருந்தது. இன்னொரு பக்கெட். அதுவும் போனது.

பூவராகன் நர்சரி வரைக்கும் ஓடினார். அறுபது வயதில் அப்படி ஓடக்கூடாது.

“எறங்குது!”

அஞ்சலை மண் அள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் சிரித்தாள்.

“ஒடைச்ச சிமெண்டை அடியில போடுங்க. அதுமேல மணல். அதுக்கும் மேல மண்ணும் எருவும். முழங்கால் அளவு பள்ளம் மிச்சம் இருக்கட்டும். மாடிக் குழாய்லேர்ந்து குழி வரைக்கும் ஒரு வாய்க்கால் இழுத்து விடுங்க. நான் ஞாயித்துக்கிழமை செடி எடுத்துட்டு வர்றேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் இரண்டு சாக்கு நிறையச் செடியோடு வந்தாள்.

குழியைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

குழியின் அடியும் ஓரமும் சிமெண்ட் பூசி, பளபளவென்று மின்னின. நடுவில் குளியலறைக்குப் போடுகிற எவர்சில்வர் ஜாலி ஒன்று பதித்திருந்தது. அதைச் சுற்றி வட்டமாகச் செடிக்கு நாலு ஓட்டை.

“மண்ணாவே விட்டா சேறா நிக்கும், பாக்க அசிங்கமா இருக்கும்னு கொத்தனார் சொன்னாரு” என்றார் பூவராகன் பெருமையோடு. “அதான் நீட்டா முடிச்சிட்டேன். தண்ணி எறங்க ஜாலி இருக்கு பாரு.”

அஞ்சலை சைக்கிளைச் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, மோர் இருந்தா ஒரு டம்ளர் குடுங்க.”

வேதவல்லி சொம்பு நிறைய மோரும் ஒரு டம்ளரும் கொண்டுவந்தாள். அஞ்சலை டம்ளரைக் கையில் வாங்கி, அதன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஊசி நுழைகிற அளவு இடைவெளி விட்டாள்.

“ஊத்துங்க.”

“கையை எடும்மா.”

“வழி இருக்கு. ஊத்துங்க.”

வேதவல்லி கணவரைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். மோர் அஞ்சலையின் புறங்கையில் வழிந்து, புடவையில் வழிந்து, படியில் ஓடியது. ஒரு வாய் மோர்கூட டம்ளருக்குள் போகவில்லை.

பூவராகன் கொல்லைப்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

*

நடுவில் வெட்டிவேர். சுற்றிலும் கல்வாழை. ஓரத்தில் நொச்சி. மேட்டுப் பக்கமாக ஒரு கை அகலத்துக்கு வல்லாரை. எல்லாம் அவள் நர்சரியில் விலை போகாமல் கிடந்தவை.

“பூச்செடி எதுவும் இல்லையா?” என்று கேட்டார்.

“கல்வாழை பூக்கும். மழையில முங்கணும், வெயில்ல காயணும், ரெண்டுக்கும் சாகக்கூடாது. அப்படிப்பட்டதுதான் இங்க நிக்கும்.”

“கொசு வருமே?”

“ஒரு நாளைக்கு மேல தண்ணி நின்னா வரும். நின்னா வந்து சொல்லுங்க. இன்னும் வெட்டலாம்.”

பூவராகன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

“உனக்கு நான் என்னம்மா தரணும்?”

“அதான் முன்னாடியே குடுத்துட்டீங்களே.”

“என்ன குடுத்தேன்?”

“மோட்டார் போடமாட்டேன்னீங்க.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலை செய்ததற்கு ஒரு பைசா வாங்காமல், எதற்கு இந்த ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. கிறுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

*

ஐப்பசி ஒன்பதாம் தேதி, காலை எட்டு இருபதுக்கு மழை பிடித்தது.

ஒன்பது மணிக்குக் குழியில் கணுக்கால் அளவு. ஒன்பதரைக்கு அரைக் குழி. மழை ஒரே சீராக, யாரோ கணக்கு வைத்து ஊற்றுவதுபோல ஊற்றியது.

பத்தேகாலுக்குக் குழி நிறைந்தது.

வேதவல்லி கதவருகில் வந்து நின்றாள். தோளில் பச்சைப் பை.

பத்தரைக்குத் தண்ணீர் குழியை விட்டு வெளியே வந்து முற்றத்தில் பரவியது. முதல் படி முங்கியது. வீட்டுக்கு இருப்பதே மூன்று படிதான்.

தெருவில் ஒவ்வொரு வீடாக மோட்டார் சத்தம் கிளம்பியது. தாமோதரன் வீட்டு மோட்டார் கரகரவென்று ஓடியது. கண்ணில் பட்ட கேட்டின் மேலெல்லாம் ஒரு பச்சைக் குழாய் தொங்கி, தெருவில் தண்ணீரைக் கொட்டியது.

பூவராகனின் மோட்டார் வராந்தாவில், பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒயரின் நுனி அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது படி நனைந்தது.

“போடுங்களேன்!” என்றாள் வேதவல்லி.

“போடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“அந்தப் பொம்பளைக்குச் சொன்னது பெருசு. நான் சொன்னது?”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. 

“வேதா, நீ போயிட்டா எனக்கு இந்த வீடே வேணாம்” என்றார். “ஆனா இப்ப இதைப் போட்டா, நான் வெட்டுனது அத்தனையும் பொய்யாயிடும். நீ தூக்குன மண்ணும் பொய்யாயிடும். பன்னண்டு மணி வரைக்கும் நில்லு. அதுக்கு மேல நீ சொல்றதக் கேக்குறேன்.”

வேதவல்லி பையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் நின்றாள்.

பத்து ஐம்பது. தண்ணீர் இரண்டாவது படியின் மேல் விளிம்பில்.

பதினொன்று ஐந்து. அதே விளிம்பில்.

பதினொன்று இருபது. அதே விளிம்பில். மழை கொஞ்சமும் குறையவில்லை.

குழி இருந்த இடத்தில், தண்ணீருக்கு மேல் கல்வாழை இலைகள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. அடியில் மணல் குடித்துக்கொண்டிருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு இரண்டாவது படியின் விளிம்பில் ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது.

பூவராகன் ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். 

வேதவல்லி பையைத் திறந்து, ஒரு சேலையை எடுத்து உதறினாள்.

“எல்லாம் கசங்கிப் போச்சு” என்றாள்.

*

மழை தணிந்து தூறலானதும் பூவராகன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு டப்பா நிறைய வேதவல்லி கேசரி கிளறிக் கொடுத்திருந்தாள்.

நர்சரி பூட்டியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் சொன்னார்:

“அஞ்சலையா? மழைன்னா கடை திறக்காது சார். வீட்டுல இருக்கும். உங்க தெருதானே, கடைசி வீடு.”

“எங்க தெருவா?”

“ஆமா சார். பத்து வருஷமா.”

பூவராகன் தன் வீட்டைத் தாண்டிக் கீழ்ப்பக்கமாக அதற்கு முன் நடந்ததே இல்லை. பஸ் நிறுத்தம், கடை, கோயில் எல்லாம் மேல்பக்கம். கீழே போக அவருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

தெரு இறங்கிக்கொண்டே போனது. கணுக்கால் தண்ணீர். பத்து வீடு தாண்டி முழங்கால். அதற்குமேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வீடு ஒரே அறை. முன்னால் கையகல முற்றம், முழுக்கச் சிமெண்ட். கதவு திறந்திருந்தது; தெருத் தண்ணீரைத் தடுக்க வாசலில் தொடை உயரத்துக்கு மண் மூட்டை அடுக்கியிருந்தது. அஞ்சலை உள்ளே முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, அலுமினியச் சட்டியால் தண்ணீரை அள்ளி ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். துணிமணி எல்லாம் உத்தரத்தில் தொங்கியது.

பூவராகன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாங்க சார். உக்காரச் சொல்ல இடம் இல்ல.”

“நீங்க... உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இங்க ஏன் ஒரு குழி வெட்டல?”

அவளை அவர் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

“வாடகை வீடு சார். ஒரு கல்லைப் பேத்தாலும் காலி பண்ணுன்னுவாரு ஓனர்.”

அவர் கண் அவளுக்குப் பின்னால் சுவரில் பட்டது. பென்சிலில் கோடு கோடாகப் போட்டிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு வருடம். மேலே இருந்த நாலு கோடு ஏறக்குறைய ஒரே உயரம். போன வருடத்துக் கோடு அடுப்பு வைத்திருக்கிற பலகைக்கு மேலே இருந்தது.

அதற்கு இரண்டு விரல் கீழே, புதிதாக ஒரு கோடு. இந்த வருடம்.

“ரெண்டு விரல் கம்மி சார்!” என்றாள் அஞ்சலை. முகமெல்லாம் சிரிப்பு. “பாருங்க, அடுப்பு நனையல. நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் மழையன்னைக்கு இந்த வீட்டுல உலை வச்சேன்.”

“மழை கம்மியா இருந்திருக்கும்.”

“இருக்கலாம்.” சட்டியால் ஒரு தடவை அள்ளி ஊற்றினாள். “ஆனா உங்க மோட்டார் சத்தம் கேக்கல. நின்னு நின்னு இருமிக்கிட்டே ஓடும், அது எனக்கு நல்லாத் தெரியும்.”

பூவராகனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு வருடம். வருடத்துக்கு இரண்டு தடவை. தண்ணீர் போய்த் தொலைந்தது என்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அது இங்கே வந்திருக்கிறது.

“ஏன்மா முதல்லயே சொல்லல?”

“சொல்லியிருந்தா கடப்பாரைய எடுத்திருப்பீங்களா?”

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. கேசரி டப்பாவை உத்தரத்துத் துணிக்கு நடுவில் பத்திரமாகச் செருகினார்.

“இந்தத் தெருவுல மொத்தம் எத்தனை வீடு?”

“நாப்பத்தி ஆறு. குழி வெட்டுனது உங்களோட சேத்து மூணு.”

அவர் தெருவில் இறங்கி மேல்பக்கம் நடந்தார். தொடை, முழங்கால், கணுக்கால். தன் வீடு வந்தது. வேதவல்லி படியில் நின்று, “பாத்தீங்களா? என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். அவர் நிற்கவில்லை. தாமோதரன் வீட்டுக் கேட்டுக்கு வந்து, அதன் மேல் தொங்கி இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த பச்சைக் குழாயைக் கையால் விலக்கிவிட்டு, மணியை அழுத்தினார்.

தாமோதரன் கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தார்.

“என்ன?”

“மோட்டாரை நிறுத்துங்க” என்றார் பூவராகன். “காலைல ஆறு மணிக்குக் கடப்பாரையோட வர்றேன். உங்க தரைய நானே ஒடைச்சுத் தர்றேன்.”